கண் திறக்காத பயணிகள்

நல்ல பொருளைப் பொறுக்கி எடுப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறவர்கள், கெட்ட பொருளைப் பொறுக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது தெரியும் சங்கதி. தராசுக்காரருக்குத் தெரியும். ஏறக்குறைய ஒரு வருஷமாக அந்த வேலையைத்தான் கண்ணும் கருத்துமாகச் செய்துகொண்டிருந்தார்.

கடைவீதியின் கோடியில், போட்டோவுக்குச் சட்டம் போடும் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது ஓவியச் சாமான் கடை. கொஞ்சம் உடம்பு வைத்தவர்கள் ஒருக்களித்துத்தான் உள்ளே போக முடியும். கடைக்காரர் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் செருகி வைத்திருப்பார். தராசுக்காரர் தலை தெரிந்ததுமே ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு வெள்ளைக் காகிதம், ஒரு தட்டு நிறையத் தூரிகைகள் எல்லாம் மேஜைக்கு வந்துவிடும்.

தராசுக்காரர் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்கி, விரல்நுனியால் முடியை அலசிவிடுவார். புதுத் தூரிகையைப் பசை போட்டு நீவித்தான் அனுப்புவார்கள். அந்தப் பசை கரைந்த பிறகுதான் அதன் யோக்கியதை தெரியும். பிறகு மணிக்கட்டை ஓர் உதறு. நல்லதாக இருந்தால் அந்த ஒரே உதறலில் முடியெல்லாம் ஒன்றுகூடி ஊசிமுனையாக நிற்கும். அதைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து அழுத்தினால் விருட்டென்று நிமிரும். கெட்டது இரண்டாகப் பிரிந்து நாக்கை நீட்டும். இன்னும் கெட்டது நகத்தில் சாய்ந்தது சாய்ந்தபடியே தூங்கும்.

முன்பெல்லாம் பத்து முக்கி ஒன்று எடுப்பார். இப்போதும் பத்து முக்கி ஒன்றுதான் எடுத்தார். எடுத்தது எது என்பதில்தான் விஷயம். ஊசியாக நிற்பதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிடுவார். அதற்காக ஒரேயடியாக மட்டமானதையும் எடுக்க முடியாது. வீட்டில் இருப்பவள் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பிவிடுவாள். முதல் உதறலில் யோக்கியன் மாதிரி நிற்க வேண்டும், நாலு தடவை சாயத்தில் தோய்ந்து எழுந்ததும் சுயகுணத்தைக் காட்ட வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிடும்.

தட்டு முழுக்க நல்லதாகவே அமைந்துவிடும் நாட்களும் உண்டு. அன்றைக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே தேநீர்க் கடைக்குப் போவார். கொதிக்கும் தண்ணீர் ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, ஆட்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தூரிகையைக் கழுத்துவரை அமிழ்த்திவிடுவார். முடியைக் கவ்விப் பிடிக்கும் உலோகக் குழலுக்குள்ளே பசை இளகிவிடும். அப்புறம் அந்தத் தூரிகை ஜன்மத்துக்கும் நிமிராது. வாழ்நாளெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசு பழுதுபார்த்த மனுஷன் அவர். தட்டுக்கு அடியில் ஒரு காந்தம் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர். அவர்தான் இப்படித் திருடன் மாதிரி சுவர் ஓரம் நின்று தூரிகையைக் கொன்றுகொண்டிருந்தார்.

எல்லாம் அவர் மனைவிக்காக. அதாவது, மனைவிக்காக என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு மினியேச்சர் பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் தொழில். கட்டைவிரல் உயரத்துக்குமேல் போகாத மனிதர்கள், பிசினில் வார்த்தது, உலோகத்தில் வார்த்தது என்று பல இடங்களிலிருந்தும் சாம்பல் நிறமாக வந்து சேருவார்கள். அவள் அவர்களுக்குச் சட்டை போட்டு, தோல் கொடுத்து, நரை கொடுத்து, கடைசியில் கண் திறந்து அனுப்புவாள். வெள்ளை ஒரு கீற்று, அதற்குள் கருவிழி ஒரு புள்ளி, மேலே இமைக்கு ஒரு கோடு. அந்தப் புள்ளி எள்ளளவு கீழே இறங்கினால் ஆள் அசடு, மேலே ஏறினால் பைத்தியம். அவள் திறந்த கண்கள் மட்டும் எங்கோ ஓர் இடத்தைப் பார்க்கும். வேலை கொடுக்கிறவர்கள் அவளைக் 'கண் டாக்டரம்மா' என்றே கூப்பிடுவார்கள். அவளும் சலிக்காமல், "பேஷன்ட்டை அனுப்பி வைங்க" என்பாள்.

தூரிகை விஷயத்தில் அவளிடம் பாச்சா பலிக்காது. சின்னப் பொம்மைக்குச் சின்னத் தூரிகை என்று நினைத்து, இருப்பதிலேயே இளைத்த தூரிகையை வாங்குபவர்களைக் கண்டால் சிரிப்பாள். "பிரஷ்ஷுக்கு வயிறு பெருசா இருக்கணும், மூக்கு கூரா இருக்கணும். வயித்துல பெயின்ட் இல்லாத பிரஷ், பொம்மைகிட்ட போறதுக்குள்ள காஞ்சு கருவாடாயிடும்" என்பாள். தராசுக்காரருக்குத் தூரிகையை உதறவும் நகத்தில் சாய்த்துப் பார்க்கவும் பழக்கமானது, இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான்.

போன கோடையில் தோள்பட்டை வலிக்கிறது என்று அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் தோளை விட்டுவிட்டு அவளை அறைக்குள் இப்படியும் அப்படியும் நடக்கச் சொன்னார். ஒரு காகிதத்தைக் கொடுத்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"நான் சின்னதா வேலை செய்யறவ டாக்டர். எழுத்து மட்டும் பெருசாவா வரும்?" என்று அவள் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவளை எடை பார்க்க வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"நடக்கும்போது வலது கை வீசவே மாட்டேங்குது, கவனிச்சீங்களா? இது தோள் வலி இல்ல, நரம்பு சம்பந்தப்பட்டது. மெள்ள மெள்ள ஏறும். மாத்திரை தரேன், கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். நோயை நிறுத்த முடியாது."

தராசுக்காரர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். "அவகிட்ட நீங்க சொல்ல வேணாம் டாக்டர். நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

"சீக்கிரம் சொல்லிடுங்க. கையால செய்யற வேலை எதாவது பாக்கி இருந்தா, தள்ளிப் போடாம இப்பவே செஞ்சு முடிச்சுக்கச் சொல்லுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதில் விழத்தான் செய்தது. ஆனால் மனசு அதற்கு முந்திய வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. நிறுத்த முடியாது. வீடு வந்து சேரும்வரை பக்குவமான ஒரு சொல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. தோள்பட்டைக்கு மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தார். அவளும் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. ஒரு ரயில் அலுவலகத்தின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு ஒரு முழு பிளாட்பாரம். சுமை தூக்குகிறவன், பேப்பர் படிக்கிறவன், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவள், வழியனுப்ப வந்து அழுகிறவர்கள், டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இப்படி ஒரு கூட்டம். துணிமணி, தோல், செருப்பு எல்லாம் முடிந்து, கண் மட்டும் பாக்கி. பேப்பர் படிக்கிறவனுக்குக் கண் திறந்தபோது கருவிழி வழுக்கிக் கன்னத்துக்கு வந்துவிட்டது. அவள் முகம் வெளிறியதைத் தராசுக்காரர் பார்த்தார். அவள் தன் கையைப் பார்த்தாள், பிறகு தூரிகையை விளக்கடியில் நீட்டிப் பார்த்தாள்.

"சே! மூக்கு தேஞ்சு போச்சு. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

உண்மையிலேயே அது பழைய தூரிகைதான். ஆனால் அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்த அழகைப் பார்த்தாரே, அங்கே விழுந்தார் மனுஷன். தூரிகைமேல் பழி போடும்வரை இவள் இவளாகவே இருப்பாள் என்று தோன்றிவிட்டது. மறுநாள் கடைக்குப் போய், அவர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, நாக்கை நீட்டும் ஒன்றைத் தெரிந்தே வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த முதல் மோசடித் தூரிகையோடு அவள் ஒரு காலை முழுக்க மல்லுக்கட்டினாள். முழங்கை இரண்டையும் மேஜை விளிம்பில் ஊன்றி, மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்து, பிரிந்த முடியை உதட்டில் வைத்து வைத்துக் கூராக்கி, மூச்சை அடக்கி, டிரங்குப் பெட்டிப் பெண்ணுக்கு இரண்டு கண்ணையும் திறந்துவிட்டாள். அந்தப் பெண் தண்டவாளத்தின் கோடியைப் பார்த்தாள். வரப்போகும் ரயில் நிஜமாகவே அங்கே இருக்கிறது என்று பார்த்தவர்கள் நம்பும்படி பார்த்தாள்.

"இந்தத் துடைப்பத்தை வெச்சுக்கிட்டே இவளை முழிக்க வெச்சுட்டேன். ஒரே ஒரு நல்ல பிரஷ் கையில கிடைக்கட்டும், மொத்த பிளாட்பாரத்தையும் ஒரு வாரத்துல முழிக்க வெச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கையை உதறிக்கொண்டாள். தராசுக்காரர் அதையும் கேட்டார். கேட்டுவிட்டு, நல்லவேளை, கையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று நிம்மதிப்பட்டார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்றால், இருந்தார்.

அதற்குப் பிறகு அவள் நல்ல தூரிகைக்காகக் காத்திருந்தாள். கால் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்திருந்ததால் கடைவீதிக்குப் போவதை விட்டிருந்தாள். அவரை அனுப்பினாள். அவர் கொண்டுவந்தது பிரிந்தது. திட்டினாள். மறுபடி அனுப்பினாள். தபாலில் வரவழைத்ததையும் அவர் வாசலிலேயே வாங்கி, வெந்நீர் காட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார். உதவாத தூரிகைகள் ஜன்னலோரம் ஒரு ஜாடியில் கட்டாகச் சேர்ந்தன. பிளாட்பாரத்துக் கூட்டம் கண்ணில்லாத முகங்களை நிமிர்த்திக்கொண்டு மேஜைமேல் அப்படியே நின்றது. இடையில் குளிர்காலம் ஒன்று வந்து போனது. அவள் கையில் காபி டம்ளர் தளும்ப ஆரம்பித்தது. சட்டைப் பித்தானை அவள் போட்டு முடிப்பதற்குள் அவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். அதற்கெல்லாம் அவள் தோள்பட்டையைத் திட்டினாள். பொம்மை வேலைக்கு மட்டும் தூரிகையைத் திட்டினாள், தூரிகையை விற்றவனைத் திட்டினாள். ரயில் அலுவலகத்திலிருந்து கேட்டபோதும் தூரிகையைத்தான் சொன்னாள். திட்டும்போது அவள் குரல் பழைய மாதிரியே கணீரென்று இருந்ததால், அவர் அதைக் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

அந்தத் திட்டு வீட்டுச் சுவருக்குள் அடங்கும் என்று அவர் நினைத்ததுதான் பிசகு.

அன்றைக்குக் கடைக்குப் போனபோது தண்ணீர் டம்ளர் வரவில்லை. கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் தராசுக்காரர் மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறவர், அந்த முறையில் தராசுக்காரர் அவருக்கு மாமா. மாமாவும் மச்சானுமாகச் சிரித்துப் பேசிப் பழகிய கடை.

"மாமா, குதிரைக்காரர் வந்திருந்தார்" என்றார். குதிரைக்காரர் என்பவர் குதிரைப் பொம்மைகளுக்கு மட்டும் வண்ணம் பூசுகிறவர்; தொழிலில் அவளுக்குத் தோழர். "அக்கா எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்றாங்களாம். என் கடையில விக்கறது பிரஷ் இல்ல, துடைப்பம்னு. பேர் பழசாச்சே தவிர சரக்கு எல்லாம் டூப்ளிகேட்டுன்னு."

"அவ ஏதோ கோவத்துல…" என்று தராசுக்காரர் மென்று விழுங்கினார்.

"கோவப்படட்டும். அக்காவுக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா நாலு பேர் என் கடைக்கு வர்றதை நிறுத்திட்டாங்களே! என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. போன தடவை நான் இங்கேதான் நின்னேன், பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஊசி மாதிரி நின்னதை எல்லாம் தள்ளிட்டு, பிரிஞ்சதாப் பாத்து எடுத்துட்டுப் போறீங்க. சொல்லக் கூச்சமா இருந்துச்சு. ஏன் மாமா, உங்களுக்குக் கண்ணு ஏதாவது…?"

சொல்லியிருக்கலாம். கடையில் வேறு ஈ காக்கை இல்லை. கேட்டவர் நல்லவர், கேட்டால் கண்கலங்கியிருப்பார், கூடவே ஒரு நல்ல புத்தியும் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு பொய்யை அத்தனை நாள் பொத்திப் பொத்தி வளர்த்தவருக்கு, அதை இன்னொருவர் முன்னால் அவிழ்க்க வாய் வரவில்லை. திருதிருவென்று விழித்துவிட்டு, கைக்குக் கிடைத்த இன்னொரு பொய்யைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா. கொஞ்ச நாளாவே மங்கலாத்தான் தெரியுது. அவகிட்ட சொல்லல."

கடைக்காரரின் முகம் அப்படியே இளகிப்போனது. "ஐயோ, இதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்தார். தட்டைக் கொண்டுவந்தார். தராசுக்காரர் வழக்கம்போல முக்கி, உதறி, நகத்தில் சாய்த்து, பிரிகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து நீட்டினார். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார். வயசான மனுஷனிடம் போய், நீ எடுத்தது சரியில்லை என்று எப்படிச் சொல்வது? தராசுக்காரருக்கும் அவரை நிமிர்ந்து பார்க்க முகம் இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் கடைக்காரர் அந்தத் தூரிகையைத் தட்டிலேயே போட்டுவிட்டு, கல்லாவுக்குக் கீழே பூட்டி வைத்திருந்த இழுப்பறையைத் திறந்தார். தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட தூரிகை ஒன்று அதில் இருந்தது. குளிர் தேசத்தில் கீரி மாதிரி இருக்கும் ஒரு பிராணியின் வால்முடி. பெரிய வயிறு, ஒற்றை முடி அளவுக்குக் கூர்ந்து நிற்கிற மூக்கு. அதற்கு மூடி போட்டு, அட்டைக் குழாயில் இட்டு, இரண்டு பக்கமும் ஒட்டிக் கொடுத்தார்.

"அக்காகிட்ட கொடுங்க மாமா. அவங்க கையாலயே பிரிக்கச் சொல்லுங்க."

கெட்டது என்று நம்பியதால் தராசுக்காரர் தேநீர்க் கடையில் நிற்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனார்.

குழாயை அவளிடம் கொடுத்துவிட்டுச் சமையலறையில் அவளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தமே இல்லை. வழக்கமாக இந்நேரம் திட்டு கிளம்பியிருக்க வேண்டும்.

"இங்க வாங்க! சீக்கிரம் இங்க வாங்களேன்!"

போனார். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள். நனைந்த தூரிகை அவள் விரல்களுக்கு நடுவே ஊசியாக நின்றது. அவள் அதை இடதுகை நகத்தில் சாய்த்தாள். நிமிர்ந்தது. மறுபடி சாய்த்தாள். மறுபடி நிமிர்ந்தது. முடியின் வயிறு அந்த வெளிச்சத்தில் செம்பழுப்பாகப் பளபளத்தது. தராசுக்காரர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். இது அவர் எடுத்த தூரிகை இல்லை.

"பாத்தீங்களா? இது பிரஷ்! நான் ஊரெல்லாம் போன் போட்டுத் திட்டினது அவனுக்கு எட்டியிருக்கு. திட்டினாத்தான் நல்ல சரக்கு வெளிய வருது." அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "நாற்காலியை இழுத்துப் போடுங்க."

"இப்பவே எதுக்கு? சாப்பிட்டுட்டு…"

"சாப்பாடு எங்க போயிடும்?"

"வெளிச்சம் பத்தாது. நாளைக்குக் காலையில உக்காரலாம். கொடு, நான் அலசி வைக்கறேன்." கையை நீட்டினார். அடுப்பில் வெந்நீர் இருந்தது.

"விடுங்க, உங்க தராசுக் கையில இதைக் கொடுத்துட்டுத்தான் மறுவேலை" என்று அவள் சிரித்தபடியே உட்கார்ந்தாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் நின்றார்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவளை எடுத்து, பொம்மையை நிறுத்தும் மரப்பிடியில் பொருத்தினாள். வெள்ளையைக் குழைத்தாள். தூரிகையைத் தோய்த்து, உதட்டில் ஒற்றி, முழங்கைகளை ஊன்றி, மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்தாள். மூச்சை அடக்கினாள். கூர்முனை முகத்தை நோக்கிப் போனது. போகும் வழியிலேயே நடுங்கியது. தொட்ட இடம் நெற்றி. துடைத்தாள். மறுபடி போனாள். மூக்கின்மேல் ஒரு கோடு விழுந்தது. துடைத்தாள். மூன்றாவது தடவை வெள்ளை காதோரம் இழுத்துக்கொண்டு போனது. அவள் பழக்கதோஷத்தில் தூரிகையை விளக்கடியில் நீட்டினாள். அதில் ஒரு முடிகூட விலகியிருக்கவில்லை.

தூரிகை ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் வெகுநேரம் அந்த விரல்களையே பார்த்தாள். அப்புறம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை இடது கையால் பிடித்தாள். விட்டாள். அது தன்பாட்டுக்கு ஆடியது.

அவரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து போய் ஜன்னலோர ஜாடியை எடுத்து வந்தாள். உதவாத தூரிகைகளை மேஜைமேல் கொட்டினாள். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்கி உதறினாள். கை சரியாக உதறாததால் மேஜையெல்லாம் தண்ணீர் தெறித்தது. பிரிந்தது. பிரிந்தது. தூங்கியது. குழலிலேயே ஆடியது.

"ஒரே கடையில ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டு எடுத்திருந்தாலும் இதுல பாதியாவது நல்லதா இருந்திருக்கணும்" என்றாள். குரல் தணிந்திருந்தது. "இது அமைஞ்சது இல்ல. பொறுக்கி எடுத்தது. பொறுக்கத் தெரிஞ்சவர் எடுத்தது."

தராசுக்காரர் மேஜையில் தெறித்த தண்ணீரைத் துண்டால் துடைக்கப் போனார்.

"எப்போலேருந்து தெரியும்?"

"தோள்பட்டைக்குப் போனோமே… அன்னைக்கு."

"டாக்டர் என்ன சொன்னார்? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க. எடை குறையாம சொல்லுங்க."

அவர் சொன்னார். நரம்பு என்று சொன்னார். ஏறும் என்று சொன்னார். நிறுத்த முடியாது என்பதைச் சொல்லும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை.

"அவ்வளவுதானா?"

"கையால செய்யற வேலை பாக்கி இருந்தா… தள்ளிப் போடாம இப்பவே முடிச்சுக்கச் சொல்லுங்கன்னார்."

சொல்லி வாயை மூடிய பிறகுதான் அந்த வாக்கியம் என்னவென்று அவருக்கே புரிந்தது. இத்தனை நாள் அது அவருக்குள்ளேதான் இருந்தது.

அவள் டிரங்குப் பெட்டிப் பெண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கை ஆட, அந்தப் பெண்ணும் ஆடினாள். ஆனாலும் எங்கோ தூரத்தில் ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு அதுக்கப்புறம்தானே கண்ணு வெச்சேன்?"

"ஆமா."

"நீங்க கொண்டுவந்த துடைப்பத்தை வெச்சு."

"ஆமா."

"அப்போ கை ஓடிச்சு." மேஜைமேல் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "நல்ல பிரஷ் இருந்திருந்தா இவங்க எல்லாருக்கும் வெச்சிருப்பேன். ஒருத்தர் விடாம வெச்சிருப்பேன். கடைசியா செய்யறோம்னு தெரிஞ்சு செஞ்சிருப்பேன்."

"நீ ஒடஞ்சு போயிடுவேன்னு பயந்தேன்…"

"ஒடஞ்சா நான் ஒடஞ்சிருப்பேன். அழுதுட்டு மறுநாள் காலையில வந்து உக்காந்திருப்பேன். என்னை உங்களுக்குத் தெரியாதா? நோய் எடுத்துக்கிட்டதுக்கு நான் என்ன பண்ண முடியும்? கை ஓடின நாளை எல்லாம் நீங்க எடுத்துக்கிட்டீங்களே!"

அவர் கொட்டிக் கிடந்த தூரிகைகளைப் பொறுக்கி ஜாடியில் போட்டார்.

அவள் நல்ல தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் அலசினாள். உதட்டில் வைத்துக் கூராக்கினாள். மூடியைப் போட நாலைந்து தடவை முயன்றாள். அவர் உதவிக்கு வந்தபோது தள்ளிக்கொண்டாள். கடைசியில் மூடி ஏறியது.

"இதைக் கடைக்காரத் தம்பிகிட்ட திருப்பிக் கொடுங்க. பிரஷ் நல்ல பிரஷ்னு அக்கா சொன்னான்னு சொல்லுங்க. நான் அவனைப் பத்திப் பேசினது அத்தனையும் தப்பு. குதிரைக்காரருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

தராசுக்காரர் மறுபடி கடைக்குப் போனார். கடைக்காரர் அவரைக் கண்டதும் எழுந்தே வந்துவிட்டார். "என்ன மாமா, அக்கா என்ன சொன்னாங்க?"

"பிரஷ் நல்ல பிரஷ்ஷாம்."

"அப்படிச் சொன்னாங்களா! அவங்க வாயாலயே சொன்னாங்களா?" கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. திருப்பிக் கொடுக்க வந்ததை வாங்கவே மாட்டேன் என்றார். "கொடுத்ததை வாங்கறதா? அது அக்காவுக்குன்னு கொடுத்தது. கண்ணு திறந்துட்டாங்களா? நான் ஒரு நாள் வந்து பாக்கணும்." இவர் தலையை ஆட்டிவைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும் வழியில் தேநீர்க் கடைக்காரர் இவரைப் பார்த்ததும், கேட்காமலே ஒரு டம்ளரில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி நீட்டினார். "வேண்டாம்" என்றார் தராசுக்காரர். சட்டைப்பையில் இருந்த தூரிகையை ஒரு கையால் பொத்திக்கொண்டு நடந்தார்.

வீட்டில் மேஜை காலியாகியிருந்தது. பிளாட்பாரத்துக் கூட்டத்தை அவள் பஞ்சில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி மூடியிருந்தாள். கண்ணில்லாமலே அனுப்பிவிடப் போவதாகச் சொன்னாள். வேறு யாராவது திறந்துகொள்ளட்டும் என்றாள். சாப்பாட்டு மேஜையில் அவருக்குத் தட்டு வைத்திருந்தது. தட்டுக்கு எதிரே, தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில், டிரங்குப் பெட்டிப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இவளை ஏன் பெட்டிக்குள்ள வைக்கல?"

"அவ இங்கேயே இருக்கட்டும். என் கை ஓடினதைப் பாத்தவ அவ ஒருத்திதான்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தராசுக்காரர் தட்டின் முன் உட்கார்ந்தார். எந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாலும் அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு அப்பால், வராத ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.